நாரை நேரம்

பகோஷ் ஓடோனைப் பழைய கணினிச் சங்கத்தில் யாருக்கும் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. ஒருவரைப் பிடிக்காமல் போவதற்கும் அவரைக் கொஞ்சமாவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். சங்கத்தார் அந்தச் சிரமத்தை எப்போதோ விட்டுவிட்டார்கள். மாதம் பிறந்தால் மின்கட்டணச் சீட்டு வருவது போல ஓடோனிடமிருந்து ஒரு புகார் வரும். அது வந்திருப்பதைப் பார்ப்பார்கள், அதைத் தாண்டி அடுத்ததைப் படிப்பார்கள்.

எகர் நகரத்தில், சந்தைக் கட்டடத்துக்குப் பின்னால் ஏறும் சரிவான தெருவில் அவர் வீடு. முன்னறையில் பல் செட் செய்வார். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்துத் திருப்பி அனுப்புவார். வேலை மோசமில்லை, பெரிய பெயரும் இல்லை. செட்டை மாட்டிக்கொண்டவர் நன்றாக மென்றால் மருத்துவரைப் புகழ்வார். ஈறு வலித்தால் மட்டும் ஓடோனின் பெயர் வெளியே வரும்.

வேலை மேசைக்கு எதிரே சுவரோரம் ஓர் அமிகா கணினி. அதை வாங்கியபோது அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது. இப்போது ஐம்பத்தாறு வயது. கணினியின் வெள்ளைக் கூடும் பழுத்து, புகைபிடிப்பவரின் பல் நிறத்துக்கு வந்திருந்தது. வேகம் கூட்ட ஓர் அட்டை, இணையக் கம்பி செருக ஓர் அட்டை, இரண்டையும் பிற்பாடு வாங்கிச் செருகியிருந்தார். வீட்டில் வேறு கணினி கிடையாது. கைப்பேசி உண்டு, அழைப்பு வந்தால் எடுக்க.

“அது பேசுறதுக்கு. படிக்கிறதுக்குத்தான் மெஷின் இருக்கே” என்பார்.

‘அமிகா இன்றும் எல்லாம் செய்யும்.’ சங்கத்தின் வாசகம் இது. நாடு முழுக்கச் சில நூறு பேர் அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டிருந்தார்கள். ஓடோன் அதை நம்பினார். அவருடைய தொல்லைகள் எல்லாம் அங்கேதான் தொடங்கின. இதில் அவரைப் புகழ ஒன்றுமில்லை. ஒரு வாசகத்தைச் சட்டையில் போட்டுக்கொள்கிறவர்களுக்கும் அதன்படி நடக்கிறவருக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் விழ, தனித் திறமை எதுவும் வேண்டியதில்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சங்கத்தின் முதல் இணையப் பக்கத்தில் ஒரு பெரிய படம் இருந்தது. புகைபோக்கியின் மேல் கூடு, கூட்டில் ஒற்றைக் காலில் நிற்கும் செங்கால் நாரை. சுற்றிலும் பட்டியல் பட்டியலாக உறுப்பினர் பெயர்கள். அந்தப் பக்கம் இணையத்தில் இப்போது இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் அதைத் தம் கணினியில் சேமித்து வைத்திருந்தார்கள். புது அட்டை வாங்கினாலோ, உலாவியின் புதுப் பதிப்பு வந்தாலோ நாரைப் பக்கத்தைத் திறப்பார்கள். பொத்தானை அழுத்தியதும் ஓடத் தொடங்கும் கடிகாரத்தை, புகைபோக்கியின் கடைசிச் செங்கல் திரையில் விழுந்ததும் நிறுத்துவார்கள். அதுதான் அவரவர் நாரை நேரம். சங்கத்தார் இருவர் சந்தித்தால் பெண்டாட்டி பிள்ளைகள் சௌக்கியமா என்பதற்கு முன்னால், “உன் நாரை எவ்வளவு?” என்றுதான் கேட்பார்கள்.

உலாவியின் பெயர் பில்லே. அந்த ஊர்ப் பேச்சில் அந்துப்பூச்சி. எழுதியவர் திஹமேர். சோல்நோக் நகரத்துக்காரர். பகலில் ஓர் அலுவலகத்தில் நிரல் எழுதுவார், மிச்ச நேரத்தில் பில்லேக்கு எழுதுவார். கால் காசு வாங்கியதில்லை. வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று பதிப்புகள் தவறாமல் வரும். ஒவ்வொன்றிலும் நாரை கொஞ்சம் வேகமாக வந்து நிற்கும். சங்கத்தின் இணைய மன்றத்தில் பாராட்டு குவியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் வந்த பதிப்பில் நாரை நேரம் ஒரேயடியாகப் பாதிக்குக் கீழே போனது. திஹமேர் செய்தது புத்திசாலித்தனமான காரியம்தான். அதுவரை உலாவி, பக்கம் வர வர ஒரு வரி, ஒரு கட்டம், பாதிப் படம் என்று துண்டு துண்டாக வரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துண்டு வரும்போதும் முன்பு வரைந்ததைத் தள்ளி வைத்து மறுபடி வரைய வேண்டும். பழைய கணினிக்கு அது பெரிய கூலி வேலை. திஹமேர் அதை நிறுத்தினார். எல்லாம் வந்து சேரும்வரை பேசாமல் இருந்து, கடைசியில் ஒரே மூச்சில் வரையும்படி மாற்றினார். மொத்த வேலை குறைந்தது. செங்கல் சீக்கிரம் விழுந்தது.

கணினியிலேயே சேமித்த நாரைப் பக்கத்துக்கு இது சரி. சங்கத்தின் மன்றத்தைத் திறந்தால் கதை வேறு. அது கம்பி வழியாக வர வேண்டும், படங்கள் வர வேண்டும், ஒவ்வோர் ஆளின் முகமும் வர வேண்டும். முன்பு ஐந்து நிமிஷம் ஆனால் அந்த ஐந்து நிமிஷமும் ஓடோன் படித்துக்கொண்டிருப்பார். முதல் ஆள் எழுதியதைப் படித்து முடிப்பதற்குள் இரண்டாவது ஆள் வந்து சேர்வார். இப்போது நாலு நிமிஷம்தான். நாலு நிமிஷமும் வெள்ளைத் திரை.

அவர் காத்திருக்கத் தெரியாதவர் இல்லை. அவர் பிழைப்பே காத்திருப்பதுதான். பிளாஸ்டர் இறுகக் காத்திருக்க வேண்டும், மெழுகு ஆறக் காத்திருக்க வேண்டும். ஆனால் பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். விரலை வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். இந்த வெள்ளைத் திரையின் மேல் எந்த விரலை வைப்பது? வருகிறதா, செத்துவிட்டதா, கம்பி கழன்றுவிட்டதா? மூணு நிமிஷம் முறைத்துப் பார்த்துவிட்டுப் பொறுக்காமல் மறுபடி பொத்தானை அழுத்துவார். எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

மன்றத்தில் எழுதினார்: “திஹமேர், பழையபடி வர வர வரைய விடு. கடைசிச் செங்கல் எப்ப விழுதுங்கிறது எனக்கு வேண்டாம். முதல் வரி எப்ப வருது? அதைச் சொல்லு.”

திஹமேரின் பதில்: “ஓடோன், இது பழசைவிட வேகம். அளந்து பார்.”

“அளந்தேன். வேகமாத்தான் இருக்கு. படிக்க முடியல.”

“வேகமா இருக்குன்னு நீயே சொல்றியே, அப்புறம் என்ன?”

இதற்குக் கீழே இருபது பேர் சிரித்த முகம் போட்டிருந்தார்கள். அந்த இருபது முகமும் வந்து சேரும்வரை ஓடோன் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் இதையே மாதாமாதம் எழுதினார். வேகம் என்பது எங்கே இருக்கிறது, ஓடுகிற பொருளிலா, அதற்காகக் காத்திருக்கிற ஆளிடமா என்று பெரிய படிப்பு படித்தவர்கள் கேட்கலாம். ஓடோனுக்கு அவ்வளவு தூரம் போகத் தெரியாது. எரிச்சல்தான் வந்தது. எரிச்சலும் ஒருவகையில் அதே கேள்விதான்.

மனைவி பிரோஷ்கா வெந்நீர்க் குளிப்பகத்தில் நுழைவுச் சீட்டுக் கொடுப்பவள். ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று பார்த்தாள். ஓடோன் ஒரு கையில் மெழுகுக் கத்தி, மறு கையில் பல் செட்டோடு வெள்ளைத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“இன்னும் வரலையா?”

“வந்துட்டே இருக்கு.”

“யாரோட பல்லு அது, கையில?”

“யாரோ ஒரு அம்மா. நாளைக்குக் குடுக்கணும்.”

“பாவம், அந்த அம்மா கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருக்கும். நீ இங்க சுவரைப் பாத்துட்டு இரு.” கைப்பேசியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள். “இந்தா, உன் மன்றம். வந்துடுச்சு. சோங்கோர்னு ஒருத்தன் எழுதியிருக்கான், பெருசா. படிக்கட்டுமா?”

“வேண்டாம்.”

“உனக்குப் படிக்கணுமா, இல்ல அதுலதான் படிக்கணுமா?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே படிக்க ஆரம்பித்திருந்தாள். படிக்கப் படிக்க அவள் குரலில் கிண்டல் குறைந்தது.

சோங்கோர் மன்றத்தைப் பராமரிக்கும் இளைஞன், முப்பது வயது. மன்றம் புது உடை உடுத்தப் போகிறது என்று எழுதியிருந்தான். பழைய உலாவிகளுக்காக இத்தனை நாளும் தனியாக வைத்திருந்த சாதாப் பக்கத்தை இனிப் பராமரிக்க முடியாது. சோல்நோக்கில் நடக்கும் இலையுதிர் காலக் கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்யலாம்.

சாதாப் பக்கம் போனால் ஓடோனின் கணினியில் மன்றம் நாலு நிமிஷத்தில் அல்ல, எப்போதுமே வராது. மன்றத்தில் அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சு இருந்தது. இந்தக் கணினியைப் பற்றிப் பேச இந்தக் கணினியிலிருந்து போய்ச் சேரக்கூடிய ஒரே இடம் அது. அதுவும் போனால் மிச்சம் பல்லும் பிளாஸ்டரும்தான்.

“பழைய கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவங்க சங்கம். அதுக்குள்ள பழைய கம்ப்யூட்டரோட நுழைய முடியாதாம். எங்க குளிப்பகத்துல யாரும் நனையக் கூடாதுன்னு போர்டு வைக்கிற மாதிரி இருக்கு” என்றாள் பிரோஷ்கா.

“கூட்டத்துக்குப் போறேன். மெஷினைத் தூக்கிட்டுப் போய் எல்லார் முன்னாடியும் காட்டறேன். கண்ணால பாத்தா புரியும்.”

“என்னத்தைக் காட்டுவ? வெள்ளையா இருக்குமே, அதையா?”

ஆனாலும் காரை அவள்தான் ஓட்டினாள். சோல்நோக்கில் அவளுடைய அக்கா இருந்தாள். அந்த வருஷம் போட்ட ஊறுகாய்ப் பூசணி இரண்டு ஜாடி கொடுக்க வேண்டியிருந்தது. பின்னிருக்கையில் ஜாடிகளுக்கு நடுவே போர்வை சுற்றிய அமிகா.

கலாசார மண்டபத்தில் மேசைகளை நீளமாகப் போட்டிருந்தார்கள். இருபது இருபத்தைந்து கணினிகள். ஒவ்வொரு திரையிலும் நாரை. ஒருத்தன் கடிகாரத்தைப் பிடிக்க, இன்னொருத்தன் பொத்தானை அழுத்த, செங்கல் விழுந்ததும் ஆரவாரம். ஓரத்து மேசையில் சீஸ் போட்ட பொகாச்சா ரொட்டி மலைபோல, பக்கத்தில் சோடா கலந்த வைன்.

ஓடோன் தம் கணினியைப் பிரித்து வைத்துவிட்டு மேசைக்கடியில் குனிந்து தேடினார். பிறகு பக்கத்து மேசைக்காரரான பெர்த்தலானிடம் கேட்டார். பெர்த்தலான் சங்கத்தின் கோமாளி, லாரி ஓட்டுபவர்.

“இன்டர்நெட் கம்பி எங்க?”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? மன்றத்தைத் திறக்க.”

பெர்த்தலான் வாயிலிருந்த பொகாச்சாவை விழுங்கினார். “இங்கயா? அதான் எல்லாரும் நேர்லயே இருக்கோமே. என்ன சொல்லணுமோ மூஞ்சியைப் பாத்துச் சொல்லிடு.”

“கம்பி எங்க?”

“டேய் சோங்கோர், ஓடோன் அண்ணனுக்குக் கம்பி வேணுமாம்!”

சோங்கோர் உள்ளே போய், பூட்டிய அலமாரிக்குச் சாவி தேடி, அது கிடைத்து, சுருட்டிய கம்பி ஒன்றை எடுத்து வந்தான். சுருளைக் கட்டியிருந்த ரப்பர் வளையம் தொட்டதும் இற்றுப் பொடிந்து விழுந்தது. எத்தனை கூட்டமாக அதை யாரும் அவிழ்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

“அண்ணே, நிஜமாவே இதுலதான் படிக்கிறீங்களா?” என்று கேட்டான். கிண்டல் இல்லை. இரண்டு தலை ஆட்டுக்குட்டியைப் பார்ப்பது போன்ற மரியாதை.

“வேற எதுல படிப்பாங்க?”

கூட்டம் தொடங்கியது. சோங்கோர் முன்னால் நின்று புதுப் பக்கத்தைப் பெரிய திரையில் காட்டினான். அழகாகத்தான் இருந்தது. பிறகு சாதாப் பக்கத்தைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டான். ஓடோன் எழுந்தார்.

“நான் பேச வரல. எல்லாரும் இங்க வந்து நில்லுங்க. நான் திறக்கறேன். பாருங்க.”

வந்து நின்றார்கள். ஓடோன் பொத்தானை அழுத்தினார். திரை வெள்ளையானது. எல்லாரும் வெள்ளையைப் பார்த்தார்கள்.

“பிளக்கு மாட்டினீங்களா அண்ணே?” பின்னாலிருந்து ஒரு குரல்.

“வருது.”

“எந்த ஊர்ல வருது?”

“பனி மூட்டம்யா. அதுக்குள்ள நாரை நிக்குது, உத்துப் பாரு” என்றார் பெர்த்தலான்.

சிரிப்பு எழுந்தது. ஒருவர் இருவராக வைன் மேசைப் பக்கம் நகர்ந்தார்கள். ஓடோனின் கழுத்து சிவந்தது. அவர் காட்ட நினைத்தது இதைத்தான், அப்படியே காட்டிக்கொண்டும் இருந்தார், ஆனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. காத்திருப்பதைக் காட்ட முடியாது. பார்க்கிறவரும் கூடக் காத்திருந்தால்தான் அது தெரியும். அந்தத் தேவை அங்கே யாருக்கும் இல்லை.

கடைசிவரை நின்றது ஒரே ஆள். திஹமேர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு நிறுத்தக் கடிகாரம். இன்று அதை எடுக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பக்கம் வந்தது. ஒரே மூச்சில், முழுசாக, கச்சிதமாக. திஹமேர் உதட்டைக் கடித்தார்.

“எப்பவும் இப்படியா?”

“இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம்” என்றார் ஓடோன். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி திரும்பிக் கேட்டார்: “இங்க யாராவது மன்றத்தை அமிகாவுல படிக்கிறீங்களா? கையைத் தூக்குங்க.”

கை எதுவும் எழவில்லை.

“மாசத்துக்கு ஒரு தடவையாவது?”

“போன்லதான் அண்ணே. பஸ்ல போகும்போது…” என்றான் ஒருவன்.

“நான் ஆபீஸ்ல. வேலை இல்லாதப்போ” என்றார் இன்னொருவர்.

“அப்ப பில்லே எதுக்கு? ரெண்டு வருஷமா அதைத் தலையில வச்சு ஆடினீங்களே!”

“நாரை பாக்க” என்றார் பெர்த்தலான். இந்த முறை அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதனால்தானோ என்னவோ யாரும் சிரிக்கவில்லை.

ஓடோன் திஹமேரைப் பார்த்தார். “நீ?”

“நான் எழுதுறவன்யா. சோதிச்சுப் பாப்பேன்.”

“என்னத்தை வச்சு?”

திஹமேர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். பல வருஷங்களாகத் தம் மிச்ச நேரத்தை எல்லாம் கொட்டி எழுதிய ஒன்றை, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று அவர் கேட்டுப் பார்த்ததே இல்லை. பாராட்டுகளை எண்ணியிருந்தார். பாராட்டியவர்கள் யாரும் அதில் ஒரு வரியும் படித்ததில்லை. படித்த ஒரே ஆள் திட்டிக்கொண்டிருந்தார்.

கைதூக்கல் நடந்தது. சாதாப் பக்கத்தை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு கை. வேண்டாம் என்பதற்கு மண்டபம் முழுக்கக் கை. திஹமேர் இரண்டுக்கும் தூக்கவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போதும் காரைப் பிரோஷ்காதான் ஓட்டினாள். நெடுஞ்சாலை ஏறிய பிறகு, “அக்கா பூசணிக்கு உப்பு பத்தலைன்னு சொன்னா” என்றாள். ஓடோன், “சொல்லுவா” என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, பழக்கடைப் பையோடு திஹமேர் எகர் வீட்டு வாசலில் நின்றார். ஓடோனுக்கு வாசலிலேயே கோபம் வந்தது.

“இப்ப எதுக்கு வந்த? அதான் எல்லாம் முடிஞ்சுதே.”

“உள்ள வரச் சொல்லுவியா, மாட்டியா? பிளம்ஸ் கொண்டாந்திருக்கேன்.”

பிரோஷ்கா அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். சாதாப் பக்கம் அந்த மாதக் கடைசிவரை இருக்கும் என்று சோங்கோர் சொல்லியிருந்தான். திஹமேர், “திற. நீ எப்பவும் செய்யறதையே செய். நான் இல்லேன்னு நினைச்சுக்கோ” என்றார்.

ஓடோன் பொத்தானை அழுத்திவிட்டு, எழுந்து போய்ப் பிளாஸ்டரைக் குழைத்தார். அச்சில் ஊற்றினார். தட்டிக் குமிழி எடுத்தார். திரும்பி வந்து வெள்ளைத் திரையைப் பார்த்தார். மறுபடி போய் அச்சின் மேல் விரலை வைத்தார். திஹமேர் திரையைப் பார்ப்பதை விட்டு இவரைப் பார்க்க ஆரம்பித்தார்.

“அங்க ஏன் கையை வச்சுப் பாக்கற?”

“சூடாகுதான்னு. சூடானா இறுகுதுன்னு அர்த்தம்.”

“சூடாகலைன்னா?”

“தூக்கிப் போட்டுட்டு வேற குழைக்கணும். உன் பிரவுசர்ல அதுதான் தெரிய மாட்டேங்குது. எத்தனை தடவை எழுதினேன்!”

“நீ சூடுன்னு எழுதல. படிக்க முடியலைன்னுதான் எழுதின.”

“ரெண்டும் ஒண்ணுதான்யா!”

“ஒண்ணு இல்ல. படிக்க முடியலைன்னா எழுத்து சின்னதா இருக்குன்னு நினைச்சேன். எழுத்தைப் பெருசாக்கித் தந்தேனே, போன வசந்தத்துல.”

“அது வேற நீ பண்ணின கூத்தா! ஒரு வரியில நாலு வார்த்தைதான் நிக்குது!”

“ரெண்டு பேரும் மெதுவாக் கத்துங்க, பக்கத்து வீட்ல குழந்தை தூங்குது” என்றாள் பிரோஷ்கா.

பேச்சு மதியம்வரை போனது. வர வர வரைந்தால் மொத்த நேரம் கூடிவிடும், நாரை வரிசையில் பில்லே அடிமட்டத்துக்குப் போய்விடும் என்பது திஹமேரின் கட்சி. போகட்டுமே என்பது ஓடோனின் கட்சி. “போகட்டும்னு நீ சொல்லிடுவ. உன் பேரா போட்டிருக்கு அதுல?” என்றார் திஹமேர். ஓடோன் பிளம்ஸைத் தின்றார். பல ஆண்டுகளாக ஒருவருக்கொருவர் தேவைப்பட்டிருந்த இரண்டு பேர் அது தெரிந்தபின் கட்டித் தழுவிக்கொள்வார்கள் என்று நினைப்பது மனிதர்களைச் சரியாகப் பார்க்காததால் வருவது. ஒருவர் இன்னொருவருக்கு ஒரே ஆளாக இருப்பது பெரிய சுமை; இருவருக்கும் அது பிடிக்கவில்லை.

ஆனால் திஹமேர் எழுதினார். இலையெல்லாம் கொட்டி முடியும் சமயத்தில் புதுப் பதிப்பு வந்தது. எழுத்து வந்தவுடன் எழுத்தை வரையும். படம் பின்னால் வரும். சங்கத்தார் நாரையைத் திறந்து பார்த்தார்கள். செங்கல் விழ இரண்டு மடங்கு நேரம் ஆனது. ‘திஹமேருக்கு வயசாயிடுச்சு’ என்று ஒருவர் எழுதினார். ‘பில்லேக்கு இறக்கை பிஞ்சு போச்சு’ என்று பெர்த்தலான் எழுதினார். எல்லாரும் பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள்.

இதற்குள் மன்றமும் புது உடைக்கு மாறியிருந்தது. ஓடோன் பெரிய நம்பிக்கை இல்லாமல் புதுப் பதிப்பில் அதைத் திறந்தார். கொஞ்ச நேரம் வெள்ளை. பிறகு, ஒரு மூச்சு விட்டு வாங்கும் நேரத்தில், மேலே ஒரு வரி வந்தது. அதன் கீழே இன்னொன்று. அலங்காரம் எதுவும் இல்லை. கட்டங்கள் கோணிக்கொண்டு நின்றன. ஒரு படம் தாமதமாக வந்து படித்துக்கொண்டிருந்த வரியைக் கீழே தள்ளிவிட்டது. ஆனால் எழுத்து இருந்தது, படிக்க முடிந்தது. சாதாப் பக்கத்தை எடுத்துவிட்டும் ஓடோனை வெளியே வைக்க முடியவில்லை. எழுத்து அங்கேதான் இருந்தது, பட்டுத் துணிக்கு அடியில்.

பதில் எழுதத்தான் முடியவில்லை. பதில் பொத்தான் புதுக் கணினிகளுக்கு மட்டுமே தெரிந்த ஏதோ வித்தையில் ஓடியது. அமுக்கினால் அமுங்கும், அவ்வளவுதான். திஹமேரைத் தொலைபேசியில் அழைத்தார்.

“வரி கீழே குதிக்குது.”

“குதிக்கும். படம் எவ்வளவு பெருசுன்னு வந்தாத்தானே தெரியும்?”

“பதில் போக மாட்டேங்குது.”

“அது வேற பேய். அதை நான் தொடமாட்டேன். படிக்கணும்னுதானே அழுத? படி.”

“சரி, குதிக்கிறதையாவது…”

“சாப்பிட்டுட்டு இருக்கேன் ஓடோன்.” வைத்துவிட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டு, எந்தப் பக்கத்தில் குதிக்கிறது என்று கேட்டார்.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் பிற்பகல், மேல் வரிசைப் பல் ஒன்றைப் பதித்துக்கொண்டே ஓடோன் மன்றத்தைத் திறந்தார். வரிகள் வழக்கம்போல ஒவ்வொன்றாக இறங்கின. முதல் வரியில் அவர் பெயரே இருந்தது. சோங்கோர் எழுதியிருந்தான்:

‘ஓடோன் அண்ணன் ரொம்ப நாளா அமைதியா இருக்கார். நல்லா இருக்காரா, யாருக்காவது தெரியுமா?’

அடுத்த வரி இறங்கியது. ‘புது கம்ப்யூட்டர் வாங்கியிருப்பார். அதான் புகார் இல்ல.’

அதற்கு அடுத்தது பெர்த்தலானுடையது. ‘வாழ்த்துகள் ஓடோன்! கடைசியில நீயும் மனுஷனாயிட்ட.’

கீழே சிரித்த முகங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு முகத்துக்கும் அடுத்த வரி ஒரு முழம் கீழே குதித்தது. வாழ்த்தியவர்கள் நிறையப் பேர். மண்டபத்தில் அவருக்கு எதிராகக் கை தூக்கியவர்கள் எல்லாரும், தாங்கள் செய்தது அவருக்கு நல்லதாகவே முடிந்தது என்று மனநிறைவோடு ஒருவரை ஒருவர் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் மன்றம் அவரிடம் இவ்வளவு அன்பாக இருந்ததே இல்லை.

ஓடோன் பதில் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். மெழுகுக் கத்தியை மேசையில் ஓங்கி வைத்தார்.

“என்ன ஆச்சு?” பிரோஷ்கா உள்ளேயிருந்து வந்தாள். தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“பொய்! எல்லாம் பொய்! நான் இதுலதான் படிக்கிறேன். இதோ, இப்ப, இதுலதான் படிச்சிட்டு இருக்கேன்!”

“கத்தாத. என்ன எழுதணும் சொல்லு, நான் போன்ல போட்டுடறேன். ஒரு நிமிஷம்.”

“போடாத!”

“ஏன்?”

“போன்லேர்ந்து போட்டா கீழே போன்லேர்ந்துன்னு காட்டும். அப்ப அவங்க சொன்னது சரின்னு ஆயிடாதா?”

பிரோஷ்கா கைப்பேசியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அடுப்பில் இருந்த லெச்சோக் குழம்பைக் கிளறப் போனாள்.

ஓடோன் திரையின் பக்கம் திரும்பினார். இன்னும் வாழ்த்துகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்றையும் விடாமல் படித்தார்.